இன்ஜின் 'மிஸ்ஸிங்' - நோயும் வைத்தியமும் வளர்ந்த கதை

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினார். உடன் இரண்டு மகன்கள். போக வேண்டிய ஊர் ஃபோர்ட்ஸ்ஹைம், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன் அவ்வளவு தூரம் எந்த மோட்டார் வண்டியும் போனதில்லை. வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோஹ் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள்.

போகும் வழியில் வண்டி மக்கர் செய்தது. முதலில் எரிபொருள் குழாயில் அடைப்பு. பெர்த்தா தன் தொப்பி ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தார். பிறகு பற்றவைக்கும் மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் வேறு இடத்தில் கசிந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையை அவிழ்த்துக் கம்பியில் சுற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று இதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் இன்னொரு விதத்திலும் இது முக்கியமானது. இன்ஜின் சரியாக வெடிக்காததற்கு எரிபொருள் காரணமா, தீப்பொறி காரணமா என்று நடுரோட்டில் கண்டுபிடித்துச் சரிசெய்த முதல் மெக்கானிக் ஒரு பெண்!

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

நம் ஊர் மெக்கானிக்குகள் இதை "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள். பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, அதை அழுத்துகிறது, தீப்பொறியால் எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. மூன்றாவது வேலை நடக்காமல் போனால் அதுதான் மிஸ்ஃபயர். நான்கு சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் இப்படிப் படுத்துவிட்டால், வண்டி உதறும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும்.

சிலிண்டரில் தீ பிடிக்க மூன்று விஷயங்கள் கூடி வரவேண்டும். சரியான கலவை (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று), போதுமான அழுத்தம், சரியான நொடியில் வலுவான தீப்பொறி. கார் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த மூன்றும் மாறவில்லை. மூன்றில் எது கோளாறு என்று கண்டுபிடிக்கும் முறைதான் அடியோடு மாறியிருக்கிறது.

தீயை அடக்கப் பட்ட பாடு

ஆரம்ப கால இன்ஜின்களில் மிஸ்ஃபயர் ஆவது அதிசயமில்லை, ஆகாமல் ஓடினால்தான் அதிசயம். 1860ல் பிரான்சில் லெனுவார் செய்த கேஸ் இன்ஜினில் பேட்டரியும் தூண்டு சுருளும் வைத்துத் தீப்பொறி உண்டாக்கினார்கள். அது நம்பகமாக இல்லை. 1876ல் நான்கு அடி இன்ஜினை உருவாக்கிய ஆட்டோ, மின்சாரமே வேண்டாம் என்று, வெளியே எரிந்துகொண்டிருக்கும் ஒரு சுடரைச் சறுக்கு வால்வு வழியாக உள்ளே காட்டிப் பற்றவைத்தார். டைம்லரும் மேபாக்கும் இன்னொரு வழி பிடித்தார்கள். சிலிண்டரில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் வெளி முனையை விளக்கால் பழுக்கக் காய்ச்சினார்கள். கலவை அழுத்தப்பட்டுக் குழாய்க்குள் நுழையும்போது பற்றிக்கொள்ளும். எந்த நொடியில் பற்றும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது ஒரு குறை. பெட்ரோல் வண்டியில் எரியும் விளக்கோடு ஊர்வலம் போவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

கார்ல் பென்ஸ் மின்சாரத்தையே நம்பினார். அவருடைய வண்டியில் பேட்டரி, அதோடு 'டகடக'வென்று அதிர்ந்து மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சும் சுருள். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பற்றவைப்பதுதான் எல்லாச் சிக்கல்களிலும் பெரிய சிக்கல் என்று பென்ஸே சொன்னதாகச் சொல்வார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்த்ததில் ராபர்ட் பாஷ் பெயர் முக்கியமானது. 1886ல் ஸ்டுட்கார்ட்டில் சிறு பட்டறை தொடங்கிய பாஷ், மறு வருடம் ஒரு நிலையான இன்ஜினுக்காக மேக்னெட்டோ செய்து கொடுத்தார். காந்தத்தின் நடுவே சுருள் அசைய, மின்சாரம் தானே பிறக்கும், பேட்டரி வேண்டாம். 1897ல் அது ஒரு டி தியோன்-புத்தோன் மூன்று சக்கர வண்டியில் பொருத்தப்பட்டது. ஆனால் சிலிண்டருக்குள்ளேயே அசையும் தொடுமுனைகள் இருந்ததால் வேகமான இன்ஜின்களுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. பாஷின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் 1901 முடிவில் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும், அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது, இரண்டு முனைகளுக்கு இடையே பொறி தாவும், அவ்வளவுதான். இன்றும் அந்த நிறுவனத்தின் சின்னத்தில் வட்டத்துக்குள் இருப்பது மேக்னெட்டோவின் சுழலி. அதை வரைந்ததும் ஹோனோல்ட்தான்.

காது, விரல், கண்

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஓட்டுநரின் எதிரே ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் நான்கு சிலிண்டருக்கு நான்கு அதிரும் சுருள்கள். மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. இன்ஜின் ஓடும்போதே இரண்டு சுருள்களின் அதிரும் தகட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு சிலிண்டர்களும் நின்றுவிடும். மிச்சம் இரண்டும் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு விரலை மாற்றிப் பிடிக்க வேண்டும். இப்படி விலக்கி விலக்கிப் பார்த்தால் எந்த சிலிண்டர் சோம்பேறி என்று தெரிந்துவிடும். வேண்டியது இரண்டு விரலும் ஒரு காதும்தான். சுருளை எடுத்துப் பக்கத்துச் சுருள் இருந்த இடத்தில் வைத்து, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நூறு வருடம் கழித்து மறுபடி வரும்.)

அதே காலத்தில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் வேறொரு வழி கண்டார். அதிரும் சுருள்கள் பொறிகளைச் சரமாரியாகக் கொட்டும். அவரோ ஒரே ஒரு வலுவான பொறி, சரியான நொடியில் போதும் என்றார். பேட்டரி, ஒரே ஒரு காயில், அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 'பாயின்ட்', பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர். 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அவருடைய நிறுவனத்தின் பெயர் டெல்கோ. ஸ்பானிய மொழியில் இன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 'டெல்கோ' என்றே பெயர், அகராதியிலும் ஏறிவிட்டது.

இந்த முறை ஏறக்குறைய அறுபது வருடம் உலகை ஆண்டது. நம் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே இந்த வம்சம்தான். 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவின் பிளக்குகளும், 1960களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ்சின் மின்பாகங்களும் இல்லாத ஒர்க் ஷாப் அந்தக் காலத்தில் இருந்திருக்காது.

பாயின்டின் கஷ்டத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 200 பொறி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சிறு உலோக முனைகள் ஒரு முறை திறந்து மூடவேண்டும். இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. முனை கருகும், தேயும், இடைவெளி மாறும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகளின் சட்டைப் பையில் எப்போதும் உப்புத்தாளும் ஃபில்லர் கேஜும் இருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை மட்டும் மாடல் டி காலத்து முறையே. இன்ஜின் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த வயரைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் சிலிண்டர். பிறகு அந்தப் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பார்க்க வேண்டும். கருப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் சூடு அதிகம். இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரி!

ஆகாயத்தில் 144 பிளக்குகள்

தரையில் ஒரு சிலிண்டர் போனால் ஓரம் கட்டலாம். கடலுக்கு மேலே பறக்கும்போது? ஏர் இந்தியாவும் ஓட்டிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானத்தில் நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். மொத்தம் 144 பிளக்குகள். தரையிறங்கிய பிறகு எது கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் விடிந்துவிடும்.

அதனால் அந்தக் காலப் பெரிய பிஸ்டன் விமானங்களில் 'இன்ஜின் அனலைசர்' என்ற கருவி வந்தது. ஃப்ளைட் இன்ஜினியரின் முன்னால் ஒரு சிறு வட்டத் திரை. சுவிட்சைத் திருப்பினால் வேண்டிய சிலிண்டரின் பொறி ஒரு கோட்டோவியமாகத் தெரியும். கோடு மிக உயரமாக எழுந்தால் பிளக் இடைவெளி அகன்றிருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. எழவே இல்லையென்றால் பொறி வேறெங்கோ கசிகிறது. எந்தப் பிளக்கை மாற்றவேண்டும் என்று ஆகாயத்திலேயே குறித்து வைத்துக்கொண்டு இறங்கலாம். கார் ஒர்க் ஷாப்புகளிலும் இதே மாதிரி ஆசிலோஸ்கோப்புகள் அலமாரி அளவில் வந்து சேர்ந்தன. பொறி எழுவதற்கு எத்தனை வோல்ட், எரிந்தது எத்தனை மில்லி நொடி என்று பார்க்க முடிந்தது. மிஸ்ஃபயர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் அது மெக்கானிக்கின் கவலையாகவும் வண்டிக்காரரின் செலவாகவும்தான் இருந்தது. அரசாங்கம் கவலைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு நகரம் கண் எரிந்தபோது

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. உலகப்போர் நடந்த சமயம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். மூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காரணத்தைக் காட்டினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலான எரிச்சல் தரும் பொருள்களாக மாறுகின்றன. அந்த ஆவியில் பெரும்பங்கு கார்களிலிருந்து வருகிறது. எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் கார்க் கம்பெனிகளுக்கும் இது கசந்தது. ஆனால் 1967ல் கலிபோர்னியா தனியாக ஒரு காற்று வள வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவரானவர் அதே ஹாகன்-ஸ்மிட்தான்.

எரியாத பெட்ரோலை அதிகமாகக் கக்குவது எது? மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டர்! அது உள்ளே இழுத்த பெட்ரோல் முழுவதையும் அப்படியே வெளியே துப்புகிறது.

1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பரவலாக வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் துண்டில் பிளாட்டினம் வகை உலோகங்களைப் பூசி, புகைக்குழாயில் வைத்து, மிச்சமிருக்கும் நஞ்சை அங்கேயே மாற்றுவது. இதற்கு ஈயம் ஆகாது. இங்கே ஒரு வேடிக்கை. பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921ல் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி வேலை பார்த்தது கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில். நல்ல பொறியைத் தந்த அதே மனிதரின் கூடத்திலிருந்து வந்த ஈயம், பிளக்கின் பீங்கானில் படிந்து பொறியைக் கெடுத்தது, மூளையையும் கெடுத்தது. கன்வர்ட்டர் வந்ததால்தான் அமெரிக்காவில் ஈயமில்லாத பெட்ரோல் பரவலானது. உலகில் கடைசியாக 2021ல் அல்ஜீரியா அதை நிறுத்தியது.

கன்வர்ட்டருக்கு இன்னொரு எதிரி மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சூடான கன்வர்ட்டருக்குள் போனால் அங்கே பற்றிக்கொள்ளும். வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கைக் கவனிக்காமல் விட்டதால் பல ஆயிரம் ரூபாய் கன்வர்ட்டர் போய்விடுவது இப்படித்தான். அது அடைத்துக்கொண்டால் வண்டியின் இழுவையும் குறையும். பின்னால் வருபவர்கள் மூச்சிலும் தெரியும்.

சக்கரத்தின் தள்ளாட்டத்தை உணரும் கம்ப்யூட்டர்

பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் 1970களில் வந்தது. 1980களில் எரிபொருள் செலுத்துவதையும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியா வாரியம் 1988 மாடல்களிலிருந்து, கார் தன் கோளாறைத் தானே சொல்லவேண்டும் என்று விதித்தது. இதுதான் ஓபிடி. முதல் தலைமுறை ஓபிடி எளிமையானது. வயர் அறுந்திருக்கிறதா என்கிற அளவுக்குத்தான் பார்க்கும். மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கத் தெரியாது. 1989ல் வாரியம் இரண்டாம் தலைமுறைக்கு விதி எழுதியது. மிஸ்ஃபயரைக் கார் தானே கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் எந்த சிலிண்டர் என்று சொல்ல வேண்டும்! 1994 மாடல்களிலிருந்து படிப்படியாக வந்து, 1996ல் அமெரிக்கா முழுவதும் புதிய கார்களுக்குக் கட்டாயமானது.

எப்படிச் சாத்தியம்? ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் உணர்வி வைத்தால் செலவு கட்டுப்படியாகாது. பெரும்பாலான நிறுவனங்கள் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. கிராங்க் தண்டோடு சுற்றும் ஒரு பல் சக்கரம் ஏற்கெனவே இருந்தது. பல கார்களில் அதில் 60 பல் இருக்கவேண்டிய இடத்தில் 58 பல் இருக்கும். இரண்டு இல்லாத இடம்தான் அடையாளம். பக்கத்தில் ஒரு உணர்வி. ஒரு சிலிண்டர் வெடிக்கும்போது தண்டு சற்று வேகம் பிடிக்கும். வெடிக்காவிட்டால் சற்றுத் தொய்யும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச்சுற்றும் ஒரு சிலிண்டருக்குச் சொந்தம். ஐடிலில், நிமிடத்துக்கு 800 சுற்றில், ஒரு அரைச்சுற்றுக்கு 37.5 மில்லி நொடி. 6,000 சுற்றில் 5 மில்லி நொடி. அந்த நேரத்தில் மிகச் சிறிய கூடுதல் தாமதம் தெரிந்தால் அந்த முறைக்குச் சொந்தமான சிலிண்டர் தவறிவிட்டது என்று அர்த்தம். எட்டுப் பேர் பல்லக்குத் தூக்கும்போது ஒருவர் கால் தடுமாறினால் உள்ளே இருப்பவருக்குத் தெரிவது போல.

சொல்ல எளிது. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் குதிக்கும்போதும் அந்த அதிர்வு கியர் வழியாகத் தண்டுக்கு வந்து சேரும். கம்ப்யூட்டர் அதை மிஸ்ஃபயர் என்று நினைத்துவிடும். அதனால் பல கார்களில் ஏபிஎஸ் சக்கர உணர்வியைக் கேட்டு, 'இது சாலையின் குற்றம்' என்று தெரிந்தால் கணக்கை நிறுத்திவைக்கிறார்கள். இன்னொன்று, எந்தப் பல் சக்கரமும் நூற்றுக்கு நூறு துல்லியமாகச் செய்யப்படுவதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானாக உருளும்போது பெட்ரோல் நிற்கும், எந்த சிலிண்டரும் வெடிக்காது. அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் தன் சக்கரத்தின் பல் குறைகளை அளந்து மனப்பாடம் செய்துகொள்கிறது. கிராங்க் உணர்வியை மாற்றிய பிறகு இந்தப் பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்காவிட்டால், சில கார்கள் இல்லாத மிஸ்ஃபயரை இருப்பதாகச் சொல்லும்.

மிஸ்ஃபயர் அளவு கன்வர்ட்டரையே சேதப்படுத்தும் என்றால், அது 200 சுற்றுகளுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் (3,000 சுற்று வேகத்தில் வெறும் நான்கு நொடி). டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். சேதம் இல்லை, புகை மட்டும் வரம்பை மீறுகிறது என்றால் 1,000 சுற்றுக் கணக்கு. மறு பயணத்திலும் தொடர்ந்தால் விளக்கு நிலையாக எரியும். எரிந்துகொண்டே இருப்பதைவிட மின்னுவதுதான் அவசரம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஓட்டிக்கொண்டே போவோர் நிறையப் பேர்.

இன்னொரு நன்மையும் நடந்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சாக்கெட், ஒரு பாஷை. இரண்டாம் ஓபிடியில் எல்லாக் காருக்கும் ஒரே 16 முனை சாக்கெட், பொதுவான குறியீடுகள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரு சிலிண்டரைக் குறிப்பிட்டுச் சொல்லமுடியாமல் மாறி மாறி. தெருமுனை மெக்கானிக்கும் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கிப் படிக்கலாம்.

இந்தியாவுக்கு இது மெல்ல வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் 2010ல் முதல் கட்ட ஓபிடி, 2013 ஏப்ரலில் மிஸ்ஃபயரைக் கவனிக்கும் இரண்டாம் கட்டம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6.

குறியீடு சொல்லாதது

ஸ்கேனரில் பி0302 என்று வந்ததும் "காயில் போச்சு சார்" என்று சொல்லி மாற்றிவிடுவது இன்று எங்கும் நடக்கிறது. இது தவறு. குறியீடு சொல்வது இரண்டாவது சிலிண்டர் வெடிக்கவில்லை என்பதை மட்டும்தான். ஏன் வெடிக்கவில்லை என்று அதற்குத் தெரியாது. தண்டு தொய்ந்தது என்பதைத் தவிர கம்ப்யூட்டர் எதையும் பார்க்கவில்லையே!

முதலில் பார்க்க வேண்டியது, எப்போது தவறுகிறது என்பது. குறியீடு பதிவான நொடியில் வேகம், சூடு, பளு எவ்வளவு என்று கம்ப்யூட்டரே ஒரு படம்போல் எடுத்து வைத்திருக்கும். மேடு ஏறும்போது மட்டும் தவறினால் பொறி மேல் சந்தேகப்படலாம். பளு கூடும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தியாகிறது. நெரிசலான பஸ்ஸில் இறங்குவது கஷ்டம் என்பதுபோல், அடர்ந்த கலவைக்குள் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், அல்லது உள்ளே விரிசல் விட்ட காயில், சும்மா ஓடும்போது சமாளிக்கும்; பளு வந்ததும் கைவிடும். சிஎன்ஜி கிட் போட்ட கார்களில் இது இன்னும் சீக்கிரம் தெரியும், ஏனென்றால் அந்த வாயுவைப் பற்றவைக்க வோல்ட் கூடுதலாக வேண்டும்.

மாறாக, ஐடிலில் மட்டும் உதறி, வேகம் கூட்டினால் சரியாகிவிடுகிறதா? எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். ஒரு குழாயில் சிறு வெடிப்பு. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் கசிவின் பங்கு பெரிது. வேகத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி உதறி, ரேடியேட்டரில் தண்ணீரும் மெல்லக் குறைந்தால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்து வந்த மறுநாள் மிஸ்ஸிங் என்றால் பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் எலி வயரைக் கடித்ததா என்று எட்டிப்பார்ப்பதில் கேவலமில்லை.

அடுத்தது, பைசா செலவில்லாத சோதனை. இன்றைய பல கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து, ஓட்டிப் பார்க்கவேண்டும். பி0303 என்று வந்தால் குற்றவாளி காயில். பி0302வாகவே நின்றால் காயில் நிரபராதி. மாடல் டி காரின் மரப்பெட்டியில் செய்த அதே வேலை! பிறகு பிளக்கையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இன்றைய காயில்கள் 30,000 வோல்ட்டுக்கு மேலும் தரக்கூடியவை. கைக்கும் கேடு, காயிலுக்கும் கேடு.

காயில், பிளக் இரண்டும் சரியென்றால் இன்ஜெக்டர். அதுவும் சரியென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். வால்வு எரிந்தோ ரிங் உடைந்தோ அழுத்தம் இல்லாத சிலிண்டரில் எத்தனை காயில் மாற்றினாலும் தீ பிடிக்காது. எல்லா சிலிண்டரும் மாறி மாறித் தவறும் பி0300ல், தனித்தனிப் பாகத்தை விட்டுவிட்டுப் பொதுவானவற்றைப் பார்க்கவேண்டும்: பெட்ரோல் பம்பின் அழுத்தம், கலப்பட பெட்ரோல், நீண்டுபோன டைமிங் செயின்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு, எலிப்பொறி என்ற அர்த்தத்தில். மிஸ்ஃபயர் ஆன சிலிண்டர் எரியாத காற்றையும் வெளியே தள்ளுகிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். குறியீட்டை மட்டும் படிப்பவர் பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டு முழிப்பார். இரண்டாவது, கன்வர்ட்டரைக் காப்பாற்ற, பல புதிய கார்கள் மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டருக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. அந்த நேரத்தில் இன்ஜெக்டரைச் சோதித்தால் அதற்கு மின்சாரமே வராது. "இன்ஜெக்டர் வயர் போச்சு", "கம்ப்யூட்டர் போச்சு" என்று முடிவுகட்டிப் பெரிய பில் போடுவது இப்படித்தான். இன்ஜினை அணைத்து, குறியீட்டை அழித்து, மறுபடி ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் பார்த்தால் உண்மை தெரியும்.

ஹைபிரிட் கார்கள் வந்தபிறகு வேலை இன்னும் கடினமாகிவிட்டது. இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து தண்டைச் சுழற்றுகிறது. ஒரு சிலிண்டர் தவறினால் வரும் தொய்வை மோட்டார் சமன்செய்து மறைத்துவிடலாம். போதாக்குறைக்கு இன்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. அதனால் மோட்டார் அந்த நொடியில் எவ்வளவு தள்ளியது என்பதையும் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் தள்ளாட்டத்தை மட்டும் பார்க்கும்படி அந்தக் கார்களுக்குத் தனியாகக் கணக்கு எழுதவேண்டியிருக்கிறது.